சின்னத் தொகை, பெரிய கணக்கு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கைப்பேசிச் செலவும் முறையீட்டு வழிகளும்

மேலைநாட்டுக்காரரிடம் கைப்பேசிச் செலவு கையை மீறிவிட்டது என்று சொன்னால், அவர் மனதில் வருவது இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் மாதாமாதம் வரும் பில்லும்தான். இங்கிலாந்தில் ஒப்பந்தக் காலத்தின் நடுவே பணவீக்கத்தைக் காட்டி விலையை ஏற்றுவது வழக்கமாக இருந்தது. அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் அதற்குத் தடை போட்டது. விலை ஏறுமானால் எப்போது, எத்தனை பவுண்டு, எத்தனை பென்ஸ் என்று சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கம் நிலவரம் வேறு. இந்தியாவில் பத்து இணைப்புகளில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்டு. சிதம்பரம் கீழ வீதியிலோ கடலூர் ஓ.டி.யிலோ கடையில் நின்று பணம் கொடுத்து ரீசார்ஜ் செய்பவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ரீசார்ஜும் ஓர் ஒப்பந்தம்தான். விலை, நாள் கணக்கு, நெட் அளவு, நிபந்தனை எல்லாம் அதில் உண்டு. படிக்கத் தாள் இல்லை என்பதுதான் குறை. அதனால் இங்கே செலவு மீறுவது பெரும்பாலும் ஒரே அடியாக நடப்பதில்லை. முப்பதும் ஐம்பதுமாகக் கரைந்து போகிறது. எந்த வழிகளில் கரைகிறது, அதை மீட்கச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது, அந்த வழி கடலூர் மாவட்டத்தில் இருப்பவருக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விலை வந்த வழி

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததே நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. அன்றைக்கு நிமிடக் கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியின் நாள் வருமானத்தோடு ஒப்பிடும் அளவில் இருந்தது. வரும் அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். அது ஒழிந்தது 2003-இல்தான். 2009-இல் வினாடிக் கணக்கில் கட்டணம் வந்து விலை சரிந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்த பிறகு நெட் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது.

மலிவு விலையில் பழகிய பின் ஏற்றம் தொடங்கியது. ஒரே பேக்கின் விலையைத் தொடர்ந்து பார்த்தாலே இது விளங்கும். ஜியோவில் 28 நாளைக்கு, தினம் ஒன்றரை ஜி.பி. நெட் தரும் பேக் 2019 இறுதி வரை 149 ரூபாய். அந்த டிசம்பரில் 199 ஆனது, 2021 டிசம்பரில் 239, 2024 ஜூலை 3 முதல் 299. ஐந்து ஆண்டுக்குள் இரட்டிப்பு. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா நிறுவனங்களும் அதே வாரத்தில் ஏற்றின.

இதைத் தடுக்க டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தால் முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். கைப்பேசிக் கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஆணையத்தின் நெடுநாள் கொள்கை. புதிய கட்டணத்தை 7 வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். ஆகவே விலை ஏறியது என்பது மட்டும் புகார் ஆகாது. நாம் சேர்ந்த ஒரு பிளானின் விலையைச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஏற்றினாலோ, நீண்ட வேலிடிட்டி பேக்கின் நடுவில் சலுகையைக் குறைத்தாலோ அது புகார். இந்த வேறுபாடு தெரியாமல் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்கள் ஏராளம்.

28 நாள் கணக்கு

28 நாளால் 365-ஐ வகுத்தால் 13 வரும். ஆண்டுக்கு 12 மாதம் என்று நினைத்துப் பட்ஜெட் போடுகிற குடும்பம் 13 ரீசார்ஜ் செய்கிறது. 299 ரூபாய் பேக் என்றால் 3,588 என்று நினைத்தது 3,887 ஆகிறது. வீட்டில் நான்கு சிம் இருந்தால் அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜுக்கு மட்டும் 1,196 ரூபாய். 2022 ஜனவரியில் டிராய் இதில் கை வைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பேக் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றாவது தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் தந்தன. ஆனால் கடையில் நின்று "ஒரு மாசத்துக்குப் போடுங்கண்ணே" என்று சொன்னால் விழுவது 28 நாள் பேக்தான். மாதக் கணக்கில் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

கடற்கரையில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் விசைப்படகில் போகிறவருக்கு அந்த 61 நாளும் கடல் வருமானம் இல்லை. 28 நாள் பேக் இரண்டு போட்டால் 56 நாள்தான் ஓடும். மிச்ச ஐந்து நாளுக்காக மூன்றாவது ரீசார்ஜ். 2024 ஜூலைக்குப் பிறகு ஏர்டெல்லின் குறைந்தபட்ச 28 நாள் பேக் 199 ரூபாய். மூன்று முறை என்றால் 597. அழைப்புக்காக மட்டும் பட்டன் போன் வைத்திருப்பவரும் நெட் சேர்ந்த அதே பேக்கைத்தான் வாங்க வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் 23 அன்று டிராய் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, நெட் இல்லாமல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக்கை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் 84 நாளைக்கு ஜியோ 448 ரூபாய்க்கும் ஏர்டெல் 469 ரூபாய்க்கும் பேக் கொண்டுவந்தன. தடைக்காலம் முழுவதும் ஒரே பேக்கில் கழிந்து, மேலே மூன்று வாரமும் மிஞ்சுகிறது. இப்படி ஒன்று இருப்பது எத்தனை கடையில் தானாகச் சொல்லப்படுகிறது என்பது வேறு விஷயம்.

கேட்காமல் ஏறும் சேவைகள்

இரண்டாவது வகை, நாம் கேட்காத சேவைக்குப் பிடிக்கும் காசு. காலர் டியூன், ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், கேம்ஸ், இப்போது வீடியோ சந்தா. திரையில் எதையோ தொடுகிறோம், எங்கோ ஒரு சேவை தொடங்கிவிடுகிறது. "டாப்-அப் போட்டு முழுசா ரெண்டு நாள் ஆகலைண்ணே, முப்பது ரூபா காணோம்" என்று ரீசார்ஜ் கடையில் கேட்கும் குரலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கடைக்காரருக்கு இதில் கை இல்லை. ஆனால் முதலில் திட்டு வாங்குகிறவர் அவர்தான்.

இது உலகம் முழுக்க நடந்த கதை. அமெரிக்காவில் வாடிக்கையாளர் கேட்காத எஸ்.எம்.எஸ். சேவைகளுக்கான கட்டணத்தைப் பில்லில் ஏற்றியதற்காக ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் 2014 அக்டோபரில் 10.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் பெரும் பங்கு வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்காக ஒதுக்கப்பட்டது.

இந்தியாவில் 2013 ஜூலையில் டிராய் பிறப்பித்த உத்தரவு, எந்த மதிப்புக்கூட்டுச் சேவையைத் தொடங்கவும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. சேவையை நிறுத்த எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண் உண்டு. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வேண்டாம் என்று சொன்னால் பிடித்த காசையும் திருப்பித் தர வேண்டும். இந்த 24 மணி நேரம்தான் முக்கியம். காசு போனது தெரிந்ததும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் எளிதான வழி மூடிக்கொள்கிறது. அதன்பின் சம்மதம் தந்தீர்களா இல்லையா என்ற வழக்கில் இறங்க வேண்டியதுதான்.

ப்ரீபெய்டுக்காரருக்குப் பில் வராது என்பதால் எங்கே போனது என்று தெரியாமலே இருந்துவிடுகிறோம். 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி, ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் எழுதிக் கேட்டால் ஒவ்வோர் அழைப்புக்கும் கழிவுக்குமான விவரப் பட்டியலை நிறுவனம் 30 நாளுக்குள் தர வேண்டும். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. முந்தைய ஆறு மாதம் வரைதான் கேட்க முடியும். முப்பது ரூபாய் போனதற்கு ஐம்பது ரூபாய் செலவா என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தால், பின்னால் எந்த இடத்தில் புகார் கொடுத்தாலும் கையில் இருக்கும் முதல் சான்று அந்தப் பட்டியல்தான்.

பில் வெடிக்கும் இடங்கள்

போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர் இந்த வட்டாரத்தில் குறைவு. பேராசிரியர்கள், மருத்துவர்கள், வியாபாரிகள், நிறுவன ஊழியர்கள் என்று ஒரு வட்டம். அவர்களுக்கு முதல் அதிர்ச்சி வரியில் வருகிறது. ப்ரீபெய்டு விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டு விளம்பர விலையில் அடங்காது. 449 ரூபாய் பிளானுக்குப் பில் 529 ரூபாய் 82 காசு.

பெரிய அதிர்ச்சி வெளிநாட்டில் வரும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பல தலைமுறையாக உண்டு. அங்கே வேலை செய்பவர் உள்ளூர் சிம் வாங்கிவிடுவார். மகனையோ மகளையோ பார்க்க ஒரு மாதம் போகும் பெற்றோர்தான் மாட்டுகிறார்கள். ஊர் சிம்மில் ரோமிங்கும் நெட்டும் திறந்திருந்தால், விமானம் இறங்கியதும் பின்னணியில் படங்கள் பதிவேறத் தொடங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-இலேயே ரோமிங் நெட்டுக்கு 50 யூரோ என்ற வரம்பு வைத்தார்கள். வாடிக்கையாளர் சம்மதிக்காமல் அதைத் தாண்ட முடியாது.

நம் நாட்டிலும் தடுப்பு இல்லாமல் இல்லை. போஸ்ட்பெய்டுக்காரருக்குக் கடன் வரம்பை முன்பே சொல்ல வேண்டும், 80 சதவீதத்தை எட்டும்போது எச்சரிக்க வேண்டும் என்பது 2005-இலிருந்து உள்ள விதி. 1925 என்ற எண்ணுக்குச் செய்தியோ அழைப்போ அனுப்பி நெட்டை நிறுத்தவும் திறக்கவும் முடியும். பில் எகிறியபோது, "என் கடன் வரம்பு என்ன, எச்சரிக்கை எந்தத் தேதியில் வந்தது" என்று எழுத்தில் கேட்பதே வலுவான முதல் கேள்வி.

பில்லில் தகராறு இருக்கும்போது கோபத்தில் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்துவிடலாம் என்று நினைப்பது நடக்காது. போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் போர்ட் கோரிக்கையை நிராகரிக்கலாம் என்று விதியே சொல்கிறது. ப்ரீபெய்டுக்கு அந்தத் தடை இல்லை. இணைப்பு வாங்கி 90 நாள் ஆகியிருந்தால் 1900-க்குச் செய்தி அனுப்பிக் குறியீடு வாங்கலாம். 2024 ஜூலை விலையேற்றத்தை அடுத்து அந்த ஒரே மாதத்தில் விலை ஏற்றாத பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடுதலாகச் சேர்ந்தார்கள். சில மாதத்தில் அந்த அலை ஓய்ந்தது. போர்ட் செய்வதற்கு முன் நம் தெருவில் அந்த சிக்னல் எப்படி என்று பார்ப்பது நல்லது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் விழுந்து, போர்ட் குறியீடு கூட வாங்க முடியாமல் தமிழ்நாடே தவித்தது இன்னும் பலருக்கு மறக்கவில்லை.

போனே கடனாகும்போது

மேலைநாட்டு ஒப்பந்தத்தில் போனும் இணைப்பும் ஒன்றாக வரும். இங்கே போன் தனியாக இ.எம்.ஐ.யில் வருகிறது. "ஜீரோ வட்டி" என்ற பலகையின் கீழ் நடப்பதைப் பிரித்துப் பார்த்தால், கடைக்கு வர வேண்டிய தள்ளுபடி வட்டியாக மாறியிருக்கும், அல்லது நடைமுறைக் கட்டணம் என்று முன்னமே வாங்கியிருப்பார்கள். 500 ரூபாய் நடைமுறைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாய். அதோடு திரைக் காப்பீடு, கூடுதல் வாரண்டி என்று சேர்த்துவிடுவதும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற கருத்தே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். கடையில் மாதத் தவணையைக் கேட்பதை விட்டு, அந்தத் தாளைக் கேட்க வேண்டும். கடனில் தகராறு என்றால் டிராய் பக்கம் போய்ப் பயனில்லை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். உதவி எண் 14448.

புகாரின் படிகள்

இணைப்புத் தகராறில் முதல் படி நிறுவனத்தின் புகார் எண் 198. பேசிய பிறகு வரும் புகார் எண்தான் பேச்சைவிட முக்கியம். அது இல்லாமல் அடுத்த படிக்கு ஏற முடியாது. பில் தகராறுகளை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது தர விதி. முடிக்காவிட்டாலோ முடிவு திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் டிராயில் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பின் ஆள் ஒருவர் இருப்பார். கஸ்டமர் கேரோடு நின்றுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் அறியாத படி இது.

தனி ஆளின் புகாரை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்தில் தரப்படவில்லை. அங்கே எழுதினால் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பப்படும். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பயன்படும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

அந்த ஆணையத்தின் கதவு பல ஆண்டு மூடியிருந்தது. கோழிக்கோட்டில் பில் கட்டாததால் தொலைபேசி துண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 1 அன்று, 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தில் தனியாக நடுவர் தீர்ப்பு வழி இருப்பதால் நுகர்வோர் மன்றம் போக முடியாது என்றது. அதைக் காட்டியே நிறுவனங்கள் பல புகார்களைத் தள்ளுபடி செய்யவைத்தன.

நிலையை மாற்றியது அகமதாபாத்தில் ஒரு போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கு. மாத வாடகை 249 ரூபாய். சராசரிப் பில் 555 ரூபாய். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையான மாதத்துக்கு வந்த பில் 24,609 ரூபாய் 51 காசு. கிரெடிட் கார்டில் ஆட்டோ பே வைத்திருந்தார். அவர் 2014-இல் கேட்டது 22,000 ரூபாயும் வட்டியும். நுகர்வோர் மன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் உண்டா என்ற ஒரே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நுகர்வோர் சட்டம் தரும் வழி கூடுதல் வழி, தந்திச் சட்டம் அதை அடைக்காது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் மன்றம் செல்லும் உரிமைக்குப் பாதகம் இல்லை என்று 30-ஆம் பிரிவில் எழுதிவைத்துவிட்டது. சட்டக் கேள்வி தீர்ந்தது. ஆனால் எந்த ஆணையத்தில் கேட்பது என்பதை முடிவு செய்யவே எட்டு ஆண்டு ஆனது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். நிறுவனமே பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், சிதம்பரத்துக்காரர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி உண்டு.

எட்டாத சின்னத் தொகை

இத்தனை படிகளையும் ஒருங்கே பார்த்தால் ஒன்று புலப்படும். 24,000 ரூபாய் பில்லுக்கு இந்தப் படிகள் பொருந்தும். முப்பது ரூபாய்க்குப் பொருந்தாது. ஆணையம் இருப்பது கடலூரில். சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர், காட்டுமன்னார்கோவிலிலிருந்து இன்னும் தூரம். ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறிப் போய் முப்பது ரூபாய் கேட்பவர் யார்? நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். தனி ஆளின் இழப்பு வழக்குச் செலவைவிடக் குறைவாக இருக்கும் வரை, அந்தப் பணம் திரும்பக் கேட்கப்படாது.

ஆனால் இதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு பிரிவுகள் உண்டு. ஒரே குறை உள்ள பலருக்காக ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரே புகார் கொடுக்கலாம் என்கிறது 35-ஆம் பிரிவு. 16-ஆம் பிரிவு இன்னும் கிட்டத்தில் வருகிறது. நுகர்வோர் பலரைச் சேர்த்துப் பாதிக்கும் முறைகேடு பற்றிப் புகார் வந்தால் மாவட்ட ஆட்சியரே விசாரித்து, 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். அந்த ஆணையம் பணத்தைத் திருப்பித் தரவும் அந்த நடைமுறையையே நிறுத்தவும் உத்தரவிட முடியும். பயனரைச் சந்தாவில் சிக்கவைப்பதும், அவர் கேட்காததைப் பில்லில் சேர்ப்பதும் அது 2023 நவம்பரில் வெளியிட்ட தடைப் பட்டியலிலேயே இருக்கின்றன.

கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று மனுக்கள் குவியும் இடம். கேட்காத சேவைக்குக் காசு பிடித்தது பற்றி ஒருவர் தனியாக மனுக் கொடுத்தால் அது அந்தக் குவியலில் ஒன்றாகிவிடும். ஒரு மகளிர் குழுவோ மீனவர் சங்கமோ வணிகர் சங்கமோ ஐம்பது பேரின் தேதி, பிடித்த தொகை, சேவையின் பெயர், 155223-க்குப் பேசிய நேரம், புகார் எண் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசைப்படுத்திக் கொடுத்தால், அது 16-ஆம் பிரிவுக்குப் பொருந்தும் புகார். அதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசும் ஓர் ஆளின் ஒரு நாளும்தான்.

ஆகவே செலவின் அளவைப் பார்த்தே வழியைத் தேர வேண்டும். சேவை தானாகத் தொடங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் 155223. பில் எகிறியிருந்தால் 198, அதன் பிறகு மேல்முறையீடு, அப்படியும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம். விலை ஏறியிருந்தால் சண்டையை விட்டு வேறு பேக்கோ வேறு நிறுவனமோ. ஊருக்கே சின்னச் சின்னதாகப் போயிருந்தால் ஒருவரும் தனியாகப் போகக்கூடாது. நிறுவனம் நம்மிடம் எடுப்பது தனித்தனியாகத்தான். திருப்பிக் கேட்பது சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.